நாற்பது படிகளும் மூன்று வலிகளும்

எங்கள் வீடு இரண்டாவது மாடியில் இருக்கிறது. தரையிலிருந்து கதவு வரை 40 படிகள். பத்துப் பத்தாக நான்கு வரிசை. குடிவந்த நாளிலிருந்து ஏறி இறங்கும் படிகள்தான், ஆனாலும் எண்ணியதில்லை. உடம்பு சரியாக இருக்கிறவர்கள் படியை எண்ணுவதில்லை. நான் எண்ண ஆரம்பித்தது ஒரு பிற்பகலில், 23-ஆம் படியில் உட்கார்ந்துகொண்டு. கையில் சாவி இருந்தது. கைப்பிடிக் கம்பிகளின் இடைவெளியில் எங்கள் கதவின் கீழ்ப்பாதி தெரிந்தது. எழுந்திருக்க முடியவில்லை.

தொடை இரண்டும் எரிந்தன. பிடரியில் தொடங்கி இரண்டு தோள்பட்டைக்கும் யாரோ மூட்டை ஏற்றிவிட்டது போல ஒரு கனம். நெஞ்சு அடிப்பது காதுக்குள் கேட்டது. தலையைக் குனிந்தால் செருப்புக்குள் பாதங்கள் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தன. கட்டைவிரலால் புறங்காலை அழுத்திப் பார்த்தேன். வெள்ளையாக ஒரு வட்டம் விழுந்தது. அது மறைவதற்குள் மெதுவாக நாலு எண்ணிவிட்டேன்.

பின்னால் ஏறி வந்த பக்கத்து வீட்டுப் பையன் நின்றான். "அக்கா, ஏதாவது தொலைச்சிட்டீங்களா?"

"ஆமாம்ப்பா, கம்மல் திருகாணி" என்று சொல்லிவிட்டேன். எதற்காக அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. பாவம், அவன் போனில் டார்ச்சைப் போட்டு முட்டி போட்டு நாலு படி தேடினான். நான் காதை முடியால் மறைத்துக்கொண்டேன்.

அதற்கு முன்னால் எட்டு மாதமாக இந்த வலிக்கு வேறு வேறு பெயர்கள் கிடைத்தபடி இருந்தன. முட்டித் தேய்மானம் என்றார் ஒருவர். எக்ஸ்ரேயில் தேய்மானம் இல்லை. உடற்பயிற்சி போதாது என்றார் இன்னொருவர். ஏறுவதைக் கூட்டினேன், வலியும் கூடியது. ரத்தசோகை பார்த்தார்கள், தைராய்டு பார்த்தார்கள், இரண்டும் சரியாக இருந்தன. (அவற்றைப் பார்த்தது சரியான காரியம். படி ஏறினால் படபடக்கவும் மூச்சு வாங்கவும் அவை இரண்டுமே காரணமாகலாம். யாராக இருந்தாலும் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.) கடைசியில், "மனசுல ஏதாவது கவலை இருக்கா?" என்ற கேள்வியில் வந்து நின்றது. இருந்தது. படி ஏற முடியவில்லையே என்ற கவலை.

விஷயத்தைப் பிடித்த மருத்துவர் வலி எங்கே, எப்படி என்று அதிகம் கேட்கவில்லை. "உட்கார்ந்தா குறையுதா, படுத்தா குறையுதா?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். உட்கார்ந்தால் பாதி குறையும். படுத்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் போய்விடும். தேய்மான வலியாக இருந்தால் உட்கார்வதற்கும் படுப்பதற்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்காதே என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது. அவர் என்னை ஐந்து நிமிடம் படுக்கவைத்து பல்ஸும் பிபியும் எடுத்தார். பிறகு எழுந்து, சுவரில் தோளை மட்டும் லேசாகச் சாய்த்து, பத்து நிமிடம் அசையாமல் நிற்கச் சொன்னார். நிமிடத்துக்கு ஒரு தடவை அளவு. படுத்திருந்தபோது பல்ஸ் 74. பத்தாவது நிமிடத்தில் 121. பிபி இறங்கவில்லை. பாதங்கள் மறுபடி அந்தக் கத்தரிப்பூ நிறத்துக்கு வந்திருந்தன. சாய்வுப் பலகையில் கட்டிவைத்து எழுப்பிப் பார்க்கும் டில்ட் டேபிள் டெஸ்ட் பிறகு நடந்தது. அதுவும் அதையேதான் சொன்னது.

பெயர் வாயில் நுழையாத அளவுக்கு நீளம்: போஸ்சுரல் ஆர்த்தோஸ்டேடிக் டாக்கிகார்டியா சிண்ட்ரோம். சுருக்கமாக பாட்ஸ் (POTS) என்பார்கள். நம் விருப்பத்தைக் கேட்காமல் இதயத்துடிப்பு, ரத்த அழுத்தம், வியர்வை, செரிமானம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் தன்னியக்க நரம்பு மண்டலத்தின் கோளாறுகளில் ஒன்று. எழுந்து நின்ற 10 நிமிடத்துக்குள் துடிப்பு 30 அல்லது அதற்கு மேல் கூட வேண்டும். 12 முதல் 19 வயதுக்காரர்களுக்கு அந்த எல்லை 40. பிபி பெரிதாக விழக் கூடாது. தொந்தரவு 3 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். வேறு காரணம் இருக்கக் கூடாது. இவை சேர்ந்தால்தான் இந்தப் பெயரை வைக்கிறார்கள். பெயர் பரவலானது 1993-க்குப் பிறகு. ஆனால் 1871-இலேயே ஜேக்கப் மென்டெஸ் டா கோஸ்டா என்ற அமெரிக்க மருத்துவர், உள்நாட்டுப் போரில் இருந்த சிப்பாய்களிடம் படபடப்பும் நெஞ்சுவலியும் சோர்வும் கண்டு எழுதிவைத்திருக்கிறார். அந்தக் குறிப்புகளில் பாட்ஸின் சாயல் தெரிகிறது என்று இன்றைய மருத்துவர்கள் சொல்வதுண்டு. கவலைப்படுகிற பெண்ணுக்கு வருவது என்று என்னிடம் சொல்லப்பட்டது, துப்பாக்கி தூக்கியவர்களுக்கும் வந்திருக்கலாம் என்பதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.

சரி, இதற்கும் படிக்கும் என்ன சம்பந்தம்?

எழுந்து நின்றதும் அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கிவிடுகிறது. எல்லோருக்கும் அப்படித்தான். உடனே நரம்புகள் அங்குள்ள ரத்தக்குழாய்களை இறுக்கி மேலே தள்ளுகின்றன. நமக்குத் தெரிவதே இல்லை. என் உடம்பில் அந்த இறுக்கம் அரைகுறையாக நடக்கிறது. இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைவு, ஒரு துடிப்பில் அது வெளியே தள்ளுவதும் குறைவு. ஈடுகட்ட வேகமாக அடிக்கிறது. பாதி வாளி பாதி வாளியாக இரட்டை வேகத்தில் இறைக்கிற கதை.

சமதளத்தில் நடந்தால் எனக்கு அவ்வளவு தொந்தரவு இல்லை. ஒவ்வொரு அடிக்கும் கெண்டைக்கால் தசை சுருங்கி ரத்தத்தைப் பிழிந்து மேலே அனுப்புகிறது. வரிசையில் பத்து நிமிடம் நிற்பதைவிட இருபது நிமிடம் நடப்பது எனக்குச் சுலபம். படி அப்படியில்லை. ஒவ்வொரு படிக்கும் முழு உடம்பையும் ஒரு சாண் உயரம் தூக்க வேண்டும். தூக்குவது தொடையும் புட்டமும், அதாவது உடம்பிலேயே பெரிய தசைகள். இரண்டும் ஒரே நேரத்தில் ரத்தம் கேட்கும். முதல் படியில் கால் வைக்கும்போதே என் இதயம் 110-இல் நிற்கிறது. சாதாரண ஆள் இரண்டு மாடி ஏறி முடித்து அடைகிற வேகத்தில் நான் ஆரம்பிக்கிறேன். தசைக்குப் போய்ச் சேரும் ரத்தம் போதாதபோது எரிகிறது. அவ்வளவுதான் அந்த எரிச்சலின் ரகசியம்.

இதைப் புரிந்துகொண்ட பிறகுதான், "படி ஏறினால் வலிக்கிறது" என்று நான் ஒரே வாக்கியத்தில் சொல்லிவந்ததில் மூன்று வலிகள் கலந்திருப்பது தெரிந்தது. மூன்றுக்கும் காரணம் வேறு, வைத்தியம் வேறு. ஒன்றுக்குச் செய்வதை இன்னொன்றுக்குச் செய்ததால்தான் அத்தனை மாதம் வீணானது.

முதலாவது, தொடை எரிச்சல். இதற்கு நான் வைத்திருந்த உத்தி, ஒரே மூச்சில் ஏறி முடிப்பது. சீக்கிரம் முடித்தால் சீக்கிரம் போய்ப் படுக்கலாம் என்று கணக்கு. 40 படியை ஒரு நிமிடத்துக்குள் ஏறிவிடுவேன். அப்புறம் 25 நிமிடம் கூடத்துத் தரையில் கிடப்பேன். பிசியோதெரபிஸ்ட் இதைக் கேட்டுவிட்டு, "நீங்க வலி வந்த பிறகு நிக்கிறீங்க. வலி வர்றதுக்கு முன்னாடி நில்லுங்க" என்றார். வருவதற்கு முன்னால் எப்படித் தெரியும் என்று கேட்டேன். "எண்ணுங்க" என்றார்.

மூன்று நாள், எரிச்சல் தொடங்குகிற படி எது என்று மட்டும் குறித்துக்கொண்டு வரச் சொன்னார். குறித்தேன்: 14, 12, 15. அதில் மோசமானதை எடுத்துப் பாதியாக்கினால் 6. எங்கள் படி பத்துப் பத்தாக இருப்பதால் 5 என்று வைத்துக்கொண்டோம். ஐந்து படி ஏறினால் ஒரு நிறுத்தம், அரை நிமிடம். நன்றாக இருந்தாலும் நிற்க வேண்டும்.

அந்த "நன்றாக இருந்தாலும்" என்பதில்தான் சிக்கலே. ஐந்தாவது படியில் எனக்கு ஒன்றுமே செய்யாது. உடம்பு தெம்பாக இருக்கும், இன்னும் ஐந்து போனால் என்ன என்று தோன்றும். அங்கே நிற்பது, பசிக்காதபோது சாப்பிட உட்கார்வது மாதிரி. பின்னால் யாராவது வந்தால் இன்னும் சங்கடம்; போனை எடுத்துப் பார்க்கிற மாதிரி நடிப்பேன். முதல் இரண்டு வாரம் பாதி நாள் ஏமாற்றினேன், பாதி நாள் தரையில் கிடந்தேன். ஏமாற்றாத நாட்களில் மேலே போய்ச் சேர ஐந்து நிமிடம் ஆனது. போய்ச் சேர்ந்ததும் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு வீட்டில் இருப்பவர்களோடு பேச முடிந்தது. 25 நிமிடம் தரையில் கிடப்பதோடு ஒப்பிட்டால் அந்த ஐந்து நிமிடம் லாபம் என்று மூளை ஒப்புக்கொள்ள ஒரு மாதம் பிடித்தது.

நிற்கிற அரை நிமிடத்திலும் சிலை மாதிரி நிற்கக் கூடாது. நின்றால் ரத்தம் தேங்கும், ஓய்வு என்று நினைத்ததே வினையாகிவிடும். குதிகாலைத் தூக்கி இறக்குவேன், பத்துத் தடவை. இல்லையென்றால் ஒரு காலை இன்னொன்றின் குறுக்கே வைத்துத் தொடையையும் புட்டத்தையும் இறுக்குவேன், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. திரும்புகிற இடத்தில் ஆள் இல்லையென்றால் மேற்படியில் உட்கார்ந்துவிடுவேன்.

ஏறும் விதத்தையும் மாற்றினேன். முன்பு பாதத்தின் முன்பாதியை மட்டும் படியில் வைத்து எம்பி எம்பி ஏறுவேன். இப்போது குதிகால் உட்பட முழுப் பாதமும் படியில். இடுப்பிலிருந்து கொஞ்சம் முன்னால் சாய்ந்தால் பாரம் முட்டியிலிருந்து புட்டத்துக்குப் போகிறது. உடம்பைத் தூக்கும்போது மூச்சை வெளியே விடுவது. என்னை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஏறிவந்திருக்கிறேன், அதுவே தலைசுற்றலைக் கூட்டும். மோசமான நாட்களில் குழந்தைகள் ஏறுவது போல, ஒரு படிக்கு இரண்டு காலும்.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்றை யாரும் சொல்லித்தரவில்லை, விழுந்துதான் கற்றுக்கொண்டேன். ஆபத்து படியில் இல்லை. படி முடிகிற இடத்தில் இருக்கிறது.

ஒரு நாள் 40 படியையும் ஒழுங்காக ஏறி முடித்து, கதவுக்கு முன்னால் நின்று பைக்குள் சாவியைத் துழாவிக்கொண்டிருந்தேன். சாவி கிடைத்தது ஞாபகம் இருக்கிறது. அடுத்த ஞாபகம், கன்னத்தில் மிதியடியின் சொரசொரப்பு. ஏறும்போது தொடையின் ரத்தக்குழாய்கள் விரிந்திருக்கும். கால் அசைந்துகொண்டிருந்தவரை தசை பிழிந்து ரத்தத்தை மேலே அனுப்பிக்கொண்டிருந்தது. நின்றதும் பிழிவது நின்றுவிட்டது, குழாய்கள் விரிந்தபடியே இருந்தன. எல்லாம் கீழே இறங்கிவிட்டது. மயங்கி விழுந்தது எனக்கு அதுதான் முதல் தடவை, அதனால் அடுத்த நாளே போய் இசிஜியும் எக்கோவும் எடுத்தார்கள்; இதயத்தில் கோளாறு இல்லை. இப்போது சாவியைக் கீழேயே எடுத்து விரலில் மாட்டிக்கொள்கிறேன். 35-ஆம் படியில் கடைசி நிறுத்தம் கொஞ்சம் நீளமாக, ஒரு நிமிடம். கதவைத் திறக்கும்போது கால் மாறி மாறி மிதித்துக்கொண்டே இருக்கும். பார்க்கிறவர்கள் பாத்ரூம் அவசரம் என்று நினைத்துக்கொள்ளலாம், நினைக்கட்டும். கதவுக்கு உள்ளே கைக்கெட்டும் தூரத்தில் ஒரு ஸ்டூல் போட்டாயிற்று. செருப்பைக் குனிந்து கழற்றுவதில்லை, உட்கார்ந்துதான்.

இரண்டாவது வலி, கழுத்தும் தோளும். படி ஏறுவதற்கும் தோள் வலிக்கும் என்ன உறவு என்று நானும் நம்பவில்லை. தைலம் தேய்த்தேன், தலையணையை மாற்றினேன், வலி மாத்திரை போட்டேன். மருத்துவர் கையால் தன் பிடரியிலிருந்து இரண்டு தோளுக்கும் கோடு வரைந்து காட்டி, "இந்த வடிவத்துலயா?" என்று கேட்டார். அதே. சட்டை மாட்டுகிற ஹேங்கர் வடிவம். இதற்குப் பெயரே கோட் ஹேங்கர் வலி. தலையைத் தூக்கிப் பிடிக்கிற தசைகள் நாம் நிமிர்ந்திருக்கும் நேரமெல்லாம் வேலை செய்தபடி இருக்கின்றன, அவை இருப்பதும் இதயத்துக்கு மேலே. ரத்தம் குறையும்போது அவை பட்டினி கிடக்கின்றன. அதனால்தான் தைலத்துக்குப் போகாத வலி, பதினைந்து நிமிடம் தட்டையாகப் படுத்தால் போய்விடுகிறது.

இதற்கு நான் செய்தது, தோளில் மாட்டும் பையைத் தூக்கிப்போட்டது. ஒரு பக்கம் தொங்கும் பை அந்தத் தசையையே இழுத்துப்பிடிக்கிறது. சின்னச் சாமான்களுக்கு இடுப்பில் கட்டும் பை. கனமானதைக் கீழேயே வைத்துவிட்டு வருவேன், வீட்டில் யாராவது அப்புறம் எடுத்து வருவார்கள். கைப்பிடியைப் பிடித்து உடம்பை இழுப்பதையும் விட்டேன். கால் முடியாதபோது கையால் இழுத்து ஏறுவது இயல்பாக வந்துவிடும், ஆனால் அந்த இழுப்பு முழுக்கத் தோளில் போய்ச் சேரும். கைப்பிடியின் மேல் உள்ளங்கையை வைத்துக் கீழே அழுத்தினால் பாரம் கொஞ்சம் குறைகிறது, தோளும் பிழைக்கிறது. ஏறும்போது போன் பேசுவதில்லை. மேலே போனதும் அண்ணாந்து எதையும் எடுப்பதில்லை, கையைத் தலைக்கு மேல் தூக்குவதில்லை, பத்து நிமிடத்துக்காவது.

மூன்றாவது, முட்டி. இதற்கும் ரத்தத்துக்கும் நேரடி உறவில்லை. பாட்ஸ் இருக்கிற பலருக்கு மூட்டுகள் தேவைக்கு மேல் வளைகின்றன. கட்டைவிரலை முன்கையோடு ஒட்டவைப்பது, முட்டி பின்பக்கமாக வளைவது என்று 9 மதிப்பெண்ணுக்கு ஒரு சோதனை உண்டு. நான் 6 வாங்கினேன். பள்ளியில் விரலை வளைத்துக் காட்டிக் கைதட்டல் வாங்கியது நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு படியிலும் முட்டியைப் பின்னால் தள்ளிப் பூட்டிவிட்டு அடுத்த படிக்குப் போகிறேன் என்று வீடியோ எடுத்துக் காட்டினார்கள். தசை வேலை செய்வதற்குப் பதிலாக மூட்டு தாங்கிக்கொண்டிருக்கிறது. முழுதாக நீட்டாமல், பூட்டுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தப் பழக வேண்டியிருந்தது. கேட்கச் சின்ன விஷயம், பழகுவதற்கு ஆறு வாரம். முட்டிக்கு ஏறுவதைவிட இறங்குவது கடினம். இறங்கும்போது வலிக்கிற கால் முதலில், ஏறும்போது வலிக்காத கால் முதலில். கீழே குனிந்து பார்த்துக்கொண்டே இறங்கினால் எனக்குத் தலை சுற்றும், அதனால் கண் நாலு படி தள்ளியும் கை கைப்பிடியிலும் இருக்கும்.

ஏறுவதற்கு முன்னால் செய்கிற காரியங்களில் தண்ணீருக்குத்தான் முதலிடம். வீட்டுக்கு வந்து சேர்வதற்குக் கால் மணி நேரம் முன்பே அரை லிட்டர் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் குடிக்காமல் மடமடவென்று குடித்துவிடுவேன். அப்படிக் குடிப்பது கொஞ்ச நேரத்துக்கு ரத்த அழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்கிறது. துடிப்பும் சற்று அடங்கி இருக்கும். நாளுக்கு மொத்தம் இரண்டரை லிட்டர். உப்பும் கூட்டிச் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள், அளவு மருத்துவர் சொன்னது. இதை மட்டும் யாரும் என்னைப் பார்த்துச் செய்ய வேண்டாம். பிபி அதிகம் இருப்பவர்களுக்கும், சிறுநீரகத்திலோ இதயத்திலோ கோளாறு இருப்பவர்களுக்கும் அது விஷம்.

அழுத்தக் காலுறையில் ஒரு தடவை ஏமாந்தேன். முட்டி வரை வரும் ஜோடியை வாங்கி மூன்று மாதம் போட்டேன். பாத நிறம் மாறியது, படியில் வித்தியாசம் இல்லை. ரத்தம் தேங்குவது கெண்டைக்காலில் மட்டும் இல்லை, தொடையிலும் அதைவிட வயிற்றிலும். இடுப்பு வரை வருவது, 30 முதல் 40 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் உள்ளது, அதுதான் உதவும். அதை மாட்டுவதற்குள் வியர்த்துவிடும் என்பது வேறு விஷயம். வெயில் நாட்களில் நான் வயிற்றுக் கச்சை மட்டும் கட்டுகிறேன். பிரசவத்துக்குப் பிறகு கட்டுவார்களே, அந்த மாதிரி வெல்க்ரோ பட்டை. வெளியே போகும்போது கட்டி, வந்து படுத்ததும் அவிழ்த்துவிடலாம். என் அனுபவத்தில் காசுக்கு அதிகம் உழைத்தது அதுதான்.

நேரமும் முக்கியம். காலையில் எழுந்ததும் எனக்குப் படி ஆகாது. இரவு முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் கிடந்த உடம்பு. வயிறு நிறையச் சாப்பிட்டதும் ஆகாது, ரத்தம் செரிமானத்துக்குப் போயிருக்கும். வெந்நீரில் குளித்த உடனேயும் ஆகாது. மாதவிலக்கு நாட்களில் ஐந்து படிக் கணக்கை மூன்றாக்கிவிடுவேன்.

ஆரம்பத்தில் விரலில் மாட்டும் பல்ஸ் மீட்டரோடுதான் படி ஏறினேன். 150-ஐத் தாண்டினால் நிற்பது என்று விதி. பிறகு துடிப்பைக் குறைக்கும் மாத்திரை தொடங்கினார்கள். எண் 120-க்கு மேல் போகவில்லை, நானும் தைரியமாகப் பதினைந்து படி சேர்ந்தாற்போல் ஏறினேன். தொடை முன்பு எரிந்த அதே இடத்தில் எரிந்தது. மாத்திரை துடிப்பைக் குறைத்ததே தவிர தொடைக்குப் போகும் ரத்தத்தைக் கூட்டவில்லை. மீட்டரை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டேன். படி எண்ணிக்கை பொய் சொல்வதில்லை.

காலுக்குப் பலம் சேர்க்காமல் எதுவும் நிலைக்காது என்பதும் உண்மை. ஆனால் அதைப் படியில் சேர்க்கக் கூடாது. படுத்துக்கொண்டு செய்யும் பயிற்சியில்தான் தொடங்கினேன். மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி இடுப்பைத் தூக்குவது, ஒருக்களித்துப் படுத்துக் காலைத் தூக்குவது, பிறகு சாய்ந்து உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிள். முதல் வாரம் சைக்கிளில் மூன்று நிமிடம். மூன்று மாதத்தில் இருபது. படியில் எரிச்சல் தொடங்கும் இடம் 14-இலிருந்து 22-க்கு நகர்ந்தது. நிறுத்தம் ஐந்திலிருந்து பத்துக்கு. இடையில் ஒரு காய்ச்சல், பத்து நாள் படுக்கை, மறுபடி ஐந்து. பழைய குருடி கதவைத் திறடி. இப்படிப் பலமுறை நடந்திருக்கிறது, இப்போது அழுவதில்லை. ஒரு எச்சரிக்கை: கொஞ்சம் உழைத்தாலே அடுத்த நாளோ அதற்கு மறுநாளோ படுக்கையில் விழுந்து, நாள்கணக்கில் எழ முடியாத அளவுக்குச் சோர்வு வருகிறவர்கள் இந்தப் பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போகக் கூடாது. அது வேறு கோளாறின் அடையாளமாக இருக்கலாம், அங்கே பயிற்சியே கெடுதலாகலாம்.

எல்லா வலியையும் பாட்ஸ் தலையில் கட்டுவதும் ஆபத்துதான். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாகி வலித்தால் அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். ஏறிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்தாலும், நெஞ்சை அழுத்தும் வலி கைக்கோ தாடைக்கோ பரவினாலும் உடனே மருத்துவமனைதான். படுத்துப் பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது. குறிப்பிட்ட தூரம் நடந்ததும் கெண்டைக்காலில் பிடித்து, நின்றால் விடுகிற வலி காலின் ரத்தக்குழாய் அடைப்பாலும் வரும், அதையும் பார்த்துவிட வேண்டும்.

இதையெல்லாம் செய்தும் முடியாத நாள் வரும். அன்றைக்கு நான் படியில் திரும்பி உட்கார்ந்து, கையைப் பின்படியில் ஊன்றி, ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாக ஏறுகிறேன். தலை தாழ்வாக இருக்கிறது, விழுந்தாலும் உயரம் இல்லை. பார்க்க அழகாக இருக்காது. சேலையோ சுடிதாரோ அழுக்காகும். முதல் தடவை இருட்டிய பிறகு, ஆள் நடமாட்டம் இல்லாதபோது செய்தேன். இப்போது பட்டப்பகலில்.

பக்கத்து வீட்டுப் பையனிடம் ஒரு நாள் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். கம்மலுக்குத் திருகாணியே கிடையாது, கொக்கிதான் என்பதையும் சேர்த்து. அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். இப்போதெல்லாம் நான் படியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் பையை வாங்கிக்கொண்டு தாண்டிப் போகும்போது கேட்கிறான்:

"கிடைச்சுதாக்கா?"

"இன்னும் அஞ்சு படி தேடணும்ப்பா."